திருவக்கரைக் கல்மரங்களும் மகரந்தச் சேர்க்கை உறவுகளும்: மாறிவந்த தாவரக் குழுமத்தின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தைச் சேர்ந்த திருவக்கரையின் கல்மரங்கள் பெரும்பாலும் புவியியல் சான்றாகவும் தொன்மையான மரவகைகளின் பட்டியலாகவும் நோக்கப்பட்டு வந்துள்ளன. பூக்கும் மரம் ஒவ்வொன்றும் தன் மகரந்தத்தைக் கொண்டுசெல்லக் காற்றையோ ஓர் உயிரையோ சார்ந்திருந்தது என்ற கோணத்தில் அப்பட்டியலை மீண்டும் வாசிக்க இக்கட்டுரை முயல்கிறது. கல்மரங்களின் இன்றைய உறவினங்களுடைய மகரந்தச் சேர்க்கை முறைகள், சோழமண்டலக் கரையின் வறள் பசுமைமாறாக் காடுகள், அண்மை நூற்றாண்டுகளில் இங்கு வந்து சேர்ந்த தாவரங்கள் ஆகியவை ஒப்பிடப்படுகின்றன. பழங்காட்டின் மரங்கள் இச்சமவெளியை விட்டு விலகியதற்குத் தட்பவெப்ப மாற்றமே முதன்மைக் காரணம். மகரந்தச் சேர்ப்பிகளின் இழப்பு அன்று. இன்று எஞ்சியுள்ள குழுமத்திற்கு நேரும் இடர் வேறு வகையானது. அது மரத்திற்கும் மரத்திற்கும் இடையே விரியும் தொலைவால் நேர்வது என்பது இக்கட்டுரையின் முடிவு.

திறவுச்சொற்கள்: திருவக்கரை, கல்மரம், கடலூர் மணற்கல், மகரந்தச் சேர்ப்பி, வறள் பசுமைமாறாக் காடு, கோயிற்காடு.

முன்னுரை

தொல்காப்பிய மரபியல் மரத்தை ஓரறிவு உயிராகவும் தும்பியை நான்கறிவு உயிராகவும் வகுக்கிறது. இவ்வகைப்பாடு உயிர்களை அவற்றின் புலனறிவு கொண்டு தனித்தனியே நிறுத்துகிறது. ஆயின் ஓரறிவு உயிரின் அடுத்த தலைமுறை, பல வேளைகளில், நான்கறிவு உயிரின் வருகையால் அமைகிறது. இடம்பெயர இயலாத மரம் தன் மகரந்தத்தை மற்றொரு மரத்திற்கு அனுப்ப இடம்பெயரும் உயிரைச் சார்ந்துள்ளது. இவ்வுறவு ஒரு நிலப்பகுதியில் நெடுங்காலத்தில் எவ்வாறு மாறிவந்தது என்பதை அறிய வேண்டுமாயின், அந்நிலத்தின் பழைய மரங்களும் இன்றைய மரங்களும் ஒருங்கே தெரிந்திருத்தல் வேண்டும். தமிழகத்தில் அத்தகைய வாய்ப்பினைத் தரும் இடங்களுள் திருவக்கரை ஒன்று.

திண்டிவனத்திற்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட பகுதியில், வராக நதி எனவும் வழங்கப்படும் சங்கராபரணி ஆற்றங்கரையில் திருவக்கரை அமைந்துள்ளது. தேவாரப் பாடல் பெற்ற சந்திரமௌலீசுவரர் கோயிலாலும் அங்குள்ள வக்கிரகாளியம்மனாலும் ஊர் பரவலாக அறியப்படுகிறது. ஊரின் கிழக்கே செம்மண் மேட்டில் கல்லாகிய மரங்கள் கிடக்கின்றன. கோயிலை நாடி வருவோர் பலராயினும் கல்மரங்களைக் காணச் செல்வோர் சிலரே.

கல்மரங்கள் அறியப்பட்ட வரலாறு

ஐரோப்பிய எழுத்துகளில் இக்கல்மரங்களை முதலில் குறித்தவர் பிரெஞ்சு இயற்கையியலாளர் பியேர் சொன்னரா ஆவார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அப்பதிவின் ஆண்டை 1781 எனக் கொள்கிறது. பூவிற்கும் பூச்சிக்கும் உள்ள தொடர்பை விரிவாக விளக்கிய கிறிஸ்டியன் கொன்ராட் ஸ்பிரெங்கலின் நூல் ஜெர்மனியில் வெளிவந்தது 1793-இல். ஆகவே, திருவக்கரைக் கல்மரங்கள் அறிவுலகிற்கு அறிமுகமான காலத்தில் மகரந்தச் சேர்க்கை பற்றிய அறிவியலே முழுமையாகத் தோன்றியிருக்கவில்லை. தொடக்கத்திலிருந்தே கல்மரம் ‘கல்’ என்ற அளவில் வியக்கப்பட்டதற்கு இதுவும் ஒரு பின்னணி எனலாம்.

19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரிக்கு அருகிலிருந்து பெறப்பட்ட மாதிரியொன்றை ஜெர்மானியத் தாவரவியலாளர் ஷ்லெய்டன் ஊசியிலை மர வகையாக இனங்கண்டு பெயரிட்டார். 1931-இல் பீர்பால் சஹானி இந்தியாவின் ஊசியிலை மரப் புதைபடிவங்களை மறுஆய்வு செய்தபோது, அதனை மெசெம்பிரியாக்ஸைலான் என்னும் பேரினத்தின்கீழ்க் கொணர்ந்தார். 1950களிலும் அதற்குப் பின்னரும் சி. ஜி. கே. இராமானுஜம், நீலாம்பர் அவஸ்தி முதலியோர் கடலூர் மணற்கல் படிவுகளின் மரக்கட்டைகளை நுண்ணோக்கியின்கீழ் ஆராய்ந்து, பூக்கும் தாவரங்கள் பலவற்றை இனங்கண்டனர். இதற்கிடையில், 1940-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை திருவக்கரையில் தேசியக் கல்மரப் பூங்காவை நிறுவியது. ஏறத்தாழ 100 எக்டேர் பரப்பில், ஒன்பது பகுதிகளாக அமைந்துள்ள இப்பூங்காவில் சுமார் 200 கல்மரங்கள் உள்ளன. அவற்றின் வயது ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள் என மதிப்பிடப்படுகிறது.

மரக்கட்டை என்னும் சான்றின் இயல்பு

திருவக்கரைச் சான்றைப் பயன்படுத்துவதற்கு முன் அதன் இரு வரம்புகளைக் கருதுதல் வேண்டும்.

முதலாவது, இங்குள்ள கல்மரங்களில் வேர்களோ கிளைகளோ இல்லை. இவை நின்ற இடத்திலேயே கல்லானவை அல்ல. பெருவெள்ளத்தால் அடித்து வரப்பட்டு, மணலுள் புதைந்து, சிலிக்கா கலந்த நீர் மரத்தின் உயிரணுக்களுள் ஊடுருவியதால் கல்லானவை என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். எனவே இவை ஒரே காட்டின் மரங்கள் என்று கொள்வதைவிட, ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் உயர்நிலத்திலும் தாழ்நிலத்திலும் வளர்ந்த பல்வகை மரங்களின் தொகுப்பு என்று கொள்வதே பொருந்தும்.

இரண்டாவது, மரக்கட்டையில் பூ இல்லை. நீர்க்குழாய்களின் அமைப்பு, ஆரக்கதிர்களின் அகலம், பிசின் நாளங்களின் இருப்பு ஆகியவற்றைக் கொண்டு மரத்தின் பேரினத்தை அல்லது குடும்பத்தை அறியலாம். அதன் பூவிற்கு எவ்வுயிர் வந்தது என்பதை அறிய முடியாது. ஆகவே இன்று வாழும் உறவினங்களின் பூ அமைப்பையும் அவற்றை நாடும் உயிர்களையும் கொண்டு பின்னோக்கி உய்த்துணர வேண்டியுள்ளது. ஒரு குடும்பம் முழுவதும் ஒரே முறையைப் பின்பற்றும்போது இவ்வுய்த்துணர்வு வலிமை பெறுகிறது. குடும்பத்திற்குள் வேறுபாடு மிகும்போது வலிமை குன்றுகிறது.

வேறிடங்களின் சான்றுகள் இதற்குத் துணைநிற்கின்றன. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் மகரந்தத் துகள்களே புதைபடிவமாகக் கிடைக்கின்றன. இராமானுஜம் 1966-இல் அவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளார். குஜராத்தின் வஸ்தான் சுரங்கத்தில் 5 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட அம்பர், அதாவது கல்லான மரப்பிசின், கண்டெடுக்கப்பட்டு 2010-இல் ஆய்வுலகிற்கு அறிவிக்கப்பட்டது. அப்பிசின் டிப்டெரோகார்ப்பேசி எனப்படும் குங்கிலியக் குடும்ப மரங்களிலிருந்து வடிந்தது. அதனுள் தேனீக்கள் உள்ளிட்ட பூச்சிகள் சிக்கியுள்ளன. குங்கிலியக் குடும்ப மரங்களும் தேனீக்களும் இந்திய நிலப்பகுதியில் திருவக்கரைக் கல்மரங்களுக்கு நெடுங்காலம் முன்னரே ஒரே காட்டில் வாழ்ந்தன என்பதை இது உறுதிப்படுத்துகிறது.

பழங்காட்டின் மகரந்த உறவுகள்

திருவக்கரையிலும் அதனையொத்த கடலூர் மணற்கல் படிவுகளிலும் இனங்காணப்பட்ட மரங்களை, மகரந்தம் கடத்தப்படும் முறை நோக்கி மூன்று தொகுதிகளாகப் பிரிக்கலாம்.

முதல் தொகுதி காற்றைச் சார்ந்தது. சஹானி மறுபெயரிட்ட மெசெம்பிரியாக்ஸைலான், போடோகார்ப் குடும்ப மரங்களை ஒத்த அமைப்புடையது. ஊசியிலை மரங்கள் காற்றின்வழி மகரந்தம் பரப்புவன. இக்குடும்பத்தின் ஒரே பிரதிநிதியாக, தீபகற்ப இந்தியாவின் ஒரே இயல் ஊசியிலை மரமாக, நாகியா வல்லிச்சியானா இன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் வாழ்கிறது.

இரண்டாம் தொகுதி குங்கிலியக் குடும்பம். இக்குடும்ப மரங்கள் பெரும்பாலும் உயர்ந்து வளர்ந்து, ஒரே பருவத்தில் மொத்தமாகப் பூத்து, பூச்சிகளைச் சார்ந்தே காய்ப்பன. எப்பூச்சி என்பதில்தான் வேறுபாடு உள்ளது. மலேசியத் தீபகற்பத்தில் ஷோரியா இனங்கள் சிலவற்றிற்கு இலைப்பேன் என்னும் நுண்பூச்சியே மகரந்தச் சேர்ப்பி என்று அப்பண்ணாவும் சானும் 1981-இல் எடுத்துக்காட்டினர். சரவாக்கின் லாம்பிர் காட்டிலோ ஷோரியாவின் ஓர் இனத்திற்கு வண்டுகளே முதன்மையானவை என்று பின்னர் அறியப்பட்டது. இதே குடும்பத்தின் பிற மரங்களை மலைத்தேனீக்கள் நாடுகின்றன. நெருங்கிய உறவுடைய மரங்கள்கூட இடத்திற்கேற்பத் துணை உயிரை மாற்றிக்கொள்ள இயலும் என்பதை இவ்வேறுபாடு காட்டுகிறது.

மூன்றாம் தொகுதியில் இன்றும் நமக்கு அறிமுகமான மரங்களின் முன்னோர் அடங்குவர். மருதின் இனமாகிய டெர்மினேலியாவை ஒத்த டெர்மினேலியாக்ஸைலான், மாவை ஒத்த மாஞ்சிஃபெராக்ஸைலான், வாகையை ஒத்த அல்பிசினியம், பீநாறி மரத்தின் இனத்தை ஒத்த ஸ்டெர்குலினியம், புத்திரஞ்சீவியை ஒத்த புத்ரஞ்சிவாக்ஸைலான் ஆகியன இத்தகையன. மருதின் சிறு பூக்கள் கதிராகத் திரண்டு ஈ, தேனீ, குளவி எனப் பலவற்றையும் ஈர்க்கின்றன. மாம்பூவிற்கு ஈக்களும் கொசுத்தேனீக்களும் வருகின்றன. வாகை அந்தியில் மணம் பரப்பி அந்துப்பூச்சிகளையும் தேனீக்களையும் அழைக்கிறது. பீநாறியின் நாற்றம் ஈக்களை இழுக்கிறது. புத்திரஞ்சீவியில் ஆண்மரமும் பெண்மரமும் தனித்தனி. ஒரு மரத்திலிருந்து மற்றொரு மரத்திற்கு மகரந்தம் செல்லாமல் அதில் காயில்லை.

காடு விலகியதன் காரணம்

இம்மூன்று தொகுதிகளின் பின்வரலாறு ஒன்றல்ல. போடோகார்ப் மரம் சமவெளியை முற்றாக நீங்கியது. குங்கிலியக் குடும்பத்தின் பெரும்பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரச்சரிவுகளுக்கு ஒதுங்கியது. வறட்சி தாங்கும் ஷோரியா இனங்கள் சில மட்டும் கிழக்குத் தொடர்ச்சி மலையில் நிலைத்தன. மூன்றாம் தொகுதியின் உறவினங்களோ சமவெளியிலும் அதனை ஒட்டிய குன்றுகளிலும் இன்றும் காணப்படுகின்றன. இவ்வேறுபாட்டிற்கு மகரந்தச் சேர்ப்பிகளின் இழப்பைக் காரணமாகக் கூற முடியுமா?

முடியாது என்பதற்கு இரண்டு சான்றுகள் உள்ளன. முதலாவது, எந்த உயிரையும் சாராது காற்றை மட்டும் நம்பிய மரமே முற்றாக விலகியுள்ளது. சேர்ப்பியின் இழப்பே மரத்தின் இழப்பிற்குக் காரணமாயின், காற்று வீசும் இச்சமவெளியில் அம்மரமே எஞ்சியிருக்க வேண்டும். இரண்டாவது, குங்கிலிய மரங்களை ஈரக்காடுகளில் நாடும் மலைத்தேனீ இச்சமவெளியை விட்டு நீங்கவில்லை. அது பருவந்தோறும் நெடுந்தொலைவு இடம்பெயர்ந்து, நகரக் கட்டடங்களிலும் நீர்த்தேக்கத் தொட்டிகளிலும்கூடக் கூடு கட்டுகிறது. மரம் போயிற்று, தேனீ இருக்கிறது.

ஆகவே காரணத்தைத் தட்பவெப்பத்தில் தேட வேண்டும். மயோசீன் காலத்தின் பிற்பகுதியில் தெற்காசியாவில் மழை ஆண்டு முழுதும் பரவாமல் பருவங்களுக்குள் ஒடுங்கியது. வடக்கே சிவாலிக் படிவுகளில் ஏறத்தாழ 70 முதல் 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் காடுகள் குறைந்து புல்வெளிகள் பெருகியமைக்குச் சான்றுண்டு. தெற்கே மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையைத் தடுத்துக்கொள்ள, சோழமண்டலக் கரை வடகிழக்குப் பருவமழையையே பெரிதும் நம்பும் நிலமாயிற்று. நீண்ட வறள் மாதங்களைத் தாங்காத மரங்கள் இங்கு நிலைக்க இயலவில்லை.

எஞ்சிய மரங்களுள் பல, பலவகைச் சிறுபூச்சிகளுக்கும் திறந்த பூவினையுடையவை என்பது உண்மை. இதிலிருந்து, ஒரே துணையை நம்பும் தாவரம் அழியும் எனவும் பல துணைகளை ஏற்கும் தாவரம் பிழைக்கும் எனவும் ஒரு பொதுவிதியை வகுக்கத் தோன்றும். ஆயின் ஆலும் அரசும் அத்தியும் அவ்விதிக்கு அடங்கா. இவை ஒவ்வொன்றும் தனக்கென அமைந்த நுண்குளவியையே பெரிதும் நம்புகின்றன. ஆலுக்கு யூப்ரிஸ்டினா, அரசுக்கு பிளாட்டிஸ்காபா, அத்திக்கு செராடோசோலன் பேரினங்களின் குளவிகள் உரியன. இருந்தும் இச்சமவெளியின் ஊர்தோறும் இவை நிற்கின்றன. நமீபியாவின் உகாப் ஆற்றங்கரை அத்தி மரங்களை ஆராய்ந்து 2009-இல் வெளியான ஆய்வு, அங்குள்ள குளவிகள் காற்றோட்டத்தில் 160 கிலோமீட்டர் வரை மகரந்தம் கொண்டுசெல்வதைக் காட்டியது. ஒரே துணையாயினும் அத்துணை இடைவெளியைக் கடக்க வல்லதாயின் உறவு நிலைக்கும். துணைகளின் எண்ணிக்கையினும் அவை கடக்கக்கூடிய தொலைவே சிதறிய நிலப்பரப்பில் முதன்மை பெறுகிறது.

வறள் பசுமைமாறாக் காட்டின் நிலை

சோழமண்டலக் கரைக்கே உரிய வறள் பசுமைமாறாக் காடு இக்கருத்தைச் சோதிக்க ஏற்ற களமாகும். 1968-இல் சாம்பியனும் சேத்தும் வெளியிட்ட இந்தியக் காட்டு வகைப்பாட்டில் இது தனி வகையாக இடம்பெற்றது. 1955-இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் அறிஞர்கள், குறிப்பாக மெஹர்-ஹோம்ஜி, இக்காட்டின் தோற்றத்தை ஆராய்ந்தனர். பின்னர்ப் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் பார்த்தசாரதியும் அவருடைய மாணவர்களும் கடலூர், புதுச்சேரிப் பகுதிகளின் காட்டுத் துண்டுகளை அளந்து பதிவு செய்தனர். வீரை, காசா, உலக்கைப்பாலை, நாவல், காட்டு எலுமிச்சை முதலியன இக்காட்டின் மரங்கள். இவற்றுள் பல வறள் மாதங்களில் பூப்பன. பூக்கள் பெரும்பாலும் சிறியனவாகவும் வெளிர்நிறமுடையனவாகவும் இருந்து சிறுபூச்சிகளை ஈர்ப்பன.

வீரை மரம் இங்குத் தனிக் கவனத்திற்குரியது. அது புத்திரஞ்சீவியின் குடும்பத்தைச் சேர்ந்தது. கல்மரமாகக் கிடக்கும் வழியினத்தின் நெருங்கிய உறவு, அக்கல்மரம் கிடக்கும் வட்டாரத்திலேயே உயிரோடு நிற்கிறது எனலாம். அதனிலும் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. ஒரு காட்டுத் துண்டில் சில பெண்மரங்கள் மட்டும் எஞ்சி, அருகில் ஆண்மரம் இல்லாது போயின், அவை பல்லாண்டுகள் தழைத்து நிற்கும், காய்க்கமாட்டா. கண்ணுக்குக் காடு பசுமையாகத் தோன்றும்போதே அதன் அடுத்த தலைமுறை நின்றுபோயிருக்கக் கூடும்.

இக்காட்டின் எஞ்சிய துண்டுகளுள் பல கோயிற்காடுகள். கீழ்புத்துப்பட்டு மஞ்சனீசுவரர் ஐயனார் கோயிலைச் சூழ்ந்த காடு இவற்றுள் நன்கு அறியப்பட்டது. வழிபாட்டு மரபு மரத்தை வெட்டாமல் காத்தது. ஆனால் ஒரு கோயிற்காட்டிற்கும் அடுத்த கோயிற்காட்டிற்கும் இடைப்பட்ட நிலத்தை எந்த மரபும் காக்கவில்லை. கொசுத்தேனீ போன்ற சிற்றுயிர்கள் இரைதேடிச் செல்வது சில நூறு மீட்டர் தொலைவே. இத்தொலைவிற்கு அப்பால் உள்ள காட்டுத் துண்டு அவற்றிற்கு இல்லாததற்கு ஒப்பாகும்.

புதியன புகுதல்

இடைப்பட்ட நிலத்தில் கடந்த சில நூற்றாண்டுகளில் வந்து சேர்ந்தவை பல. போர்த்துகீசியரால் இந்தியாவிற்குக் கொணரப்பட்ட முந்திரி, பழைய தென்னார்க்காட்டின் செம்மண் நிலங்களில் பரவியது. அதன் பூ, ஆண்டின் தொடக்க மாதங்களில் ஈக்களுக்கும் தேனீக்களுக்கும் எறும்புகளுக்கும் இரையாகிறது. பருவம் முடிந்தபின் அத்தோப்பில் அவற்றிற்கு ஏதுமில்லை. 19ஆம் நூற்றாண்டில் விறகிற்காகக் கரையோரத்தில் நடப்பட்ட சவுக்கு, காற்றின்வழி மகரந்தம் பரப்புவது. அதன் பூவில் தேன் இல்லை. கல்மரக் காலத்தின் காற்றுவழி மரம் விலகிய நிலத்தில், மனிதர் கையால் மற்றொரு காற்றுவழி மரம் வந்து நின்றது. 1877-இல் சென்னை மாகாணத்தின் கடப்பைப் பகுதியில் அறிமுகமான சீமைக்கருவேலம், இவ்வட்டாரத்தார் வேலிகாத்தான் என அழைப்பது, இதற்கு மாறானது. அது உள்ளூர்த் தேனீக்களுக்குத் தாராளமாகத் தேன் தருகிறது. அதே வேளையில் உள்ளூர்ச் செடிகளின் இடத்தையும் நீரையும் கவர்கிறது. தேனீக்கு உதவுவதெல்லாம் அத்தேனீயை நம்பும் செடிக்கும் உதவுவதன்று என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

சேர்ப்பிகளின் பக்கத்திலும் மாற்றம் நேர்ந்தது. 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் எனப்படும் நச்சுயிரி நோய் தென்னிந்தியாவில் பரவி, வளர்ப்பிலிருந்த அடுக்குத்தேனீக் கூட்டங்களுள் மிகப் பெரும்பாலானவற்றை அழித்தது. அதனையொட்டி இத்தாலியத் தேனீ வளர்ப்பு இங்குப் பெருகியது. தேன் உற்பத்தி மீண்டது. ஆனால் ஒரு தேனீயின் இடத்தை மற்றொன்று எல்லாப் பூவிலும் நிரப்புவதில்லை. திருவக்கரையின் செம்மண்ணிற்கு ஏற்ற ஆவாரையை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். ஆவாரம்பூவில் தேன் இல்லை. மகரந்தப் பை நுனித்துளை வழியாகவே திறக்கும். தச்சுத்தேனீ அதனைப் பற்றிக்கொண்டு உடலை அதிர்த்து மகரந்தத்தை உதிர்க்கிறது. அடுக்குத்தேனீக்கோ இத்தாலியத் தேனீக்கோ அவ்வதிர்வு கைவராது.

காப்பின் எல்லை

தச்சுத்தேனீ காய்ந்த மரத்தைத் துளைத்துக் கூடு கட்டுவது. திருவக்கரையில் கல்லாகிய மரம் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக வேலியிட்டுக் காக்கப்படுகிறது. அதனைச் சூழ்ந்த ஊர்களில் காய்ந்த மரம் விறகாகிறது. கல்மரத்தை எடுத்துச் செல்வது குற்றம் என்று அறிவிப்புப் பலகை கூறும். பட்டுப்போன கிளைக்கு அத்தகைய பலகை இல்லை. இஃது ஊராரின் மேல் குறையன்று. மரபுச் செல்வம் என்று நாம் வரையறுத்ததற்குள் உயிரற்ற மரம் வந்தது, அம்மரத்தின் உயிருள்ள உறவுகள் வரவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது.

பூங்காவின் ஏறத்தாழ 100 எக்டேர் நிலம் கல்மரங்களுக்கு மட்டும் உரியதாக இருக்க வேண்டியதில்லை. அம்மேட்டின் வெற்றுச் செம்மண்ணில் மண்ணுள் வளை தோண்டும் தனித்தேனீக்கள் கூடமைக்க இயலும். புதர்களில் ஆவாரையும் பிற செடிகளும் பூக்கும். ஆரோவில்லில் 1968-க்குப் பின் நிகழ்ந்த காடு வளர்ப்பு, அரித்தோடிய செம்மண் மேட்டிலும் வறள் பசுமைமாறாக் காட்டின் மரங்கள் வேரூன்றும் என்று காட்டியுள்ளது. கோயிற்காடுகளையும் கல்மரப் பூங்காவையும் ஏரிக்கரைகளையும் ஆற்றோரத்தையும் இணைத்து, சிறுபூச்சி பறக்கும் தொலைவிற்குள் உள்ளூர் மரங்களை நடுவது பெருஞ்செலவு கோராத செயல். நடும்போது வீரை போன்றவற்றில் ஆண், பெண் இரண்டும் அமையுமாறு பல மரங்களின் விதையிலிருந்து கன்றெடுத்தல் இன்றியமையாதது.

முடிவுரை

திருவக்கரைக் கல்மரங்கள் காட்டும் குழும மாற்றம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் நிகழ்ந்தது. அம்மாற்றத்தில் மரங்கள் மழையைத் தொடர்ந்து இடம்பெயர்ந்தன. எஞ்சியவை கிடைத்த உயிர்களோடு உறவு கொண்டன. துணை மாறியதால் மட்டும் மரம் அழிந்ததற்குச் சான்றில்லை. காற்றை நம்பிய மரம் விலகியதும், ஒரே குளவியை நம்பிய ஆல் நிலைத்ததும் இதனை வலியுறுத்துகின்றன.

இன்றைய மாற்றம் இதனின் வேறு. மழை மாறுவதற்கு முன்னரே நிலம் துண்டாடப்பட்டுள்ளது. இடம்பெயர மரத்திற்கு வழியில்லை. இடைவெளியைக் கடக்கச் சிறுபூச்சிக்கு ஆற்றலில்லை. எனவே இவ்வட்டாரத்தின் தாவரக் காப்பினை மதிப்பிடும்போது, எத்தனை மரங்கள் நிற்கின்றன என்ற கணக்கோடு, அவற்றுள் எத்தனை காய்க்கின்றன, காய்த்த மரத்தின்கீழ்க் கன்று முளைத்துள்ளதா என்ற கணக்கும் எடுக்கப்படல் வேண்டும். கல்மரப் பூங்காவிலும் அண்மைக் கோயிற்காடுகளிலும் இக்கணக்கைப் பருவந்தோறும் எடுப்பது, அருகமைந்த கல்லூரிகளின் தாவரவியல், விலங்கியல், வரலாற்றுத் துறைகள் கூடி மேற்கொள்ளத்தக்க பணியாகும்.